எந்திரப் பாகங்களுக்கான துருப்பிடிக்காத எஃகுத் தரத் தேர்வு

துருப்பிடிக்காத எஃகுத் தரத் தேர்வு என்பது, கடைசல், துளையிடல், மரையிடல் போன்ற வெட்டு வேலைகளால் உருவாக்கப்படும் ஒரு பாகத்திற்கு, அது இயங்கப்போகும் சூழலுக்கும் தாங்கப்போகும் சுமைக்கும் பொருந்தும் எஃகு வகையைத் தெரிந்தெடுக்கும் முறையாகும். தமிழ்நாட்டு வீடுகளில் எவர்சில்வர் என்று அழைக்கப்படும் உலோகமும், லேத் பட்டறைகளில் எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் உலோகமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தரங்கள் உள்ளன. சில கடல்நீரைத் தாங்கும், சில கத்திபோல் கடினமாகும், சில எளிதில் வெட்டுப்படும், சில பற்றவைத்தால் விரிசல் விடும். ஆகவே "எஸ்.எஸ். போட்டால் போதும்" என்பது முழுமையான விவரக்குறிப்பு ஆகாது.

இக்கட்டுரை, அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் காணப்படும் ஆழ்குழாய்க் கிணறுகள், சுண்ணாம்புக்கல் சார்ந்த சிமெண்டு ஆலைகள் ஆகியவற்றையும், தமிழ்நாட்டின் வேறு சில தொழில்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு தரத் தேர்வை விளக்குகிறது.

## துரு ஏன் பிடிப்பதில்லை

எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. இதன் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத இப்படலமே உலோகத்தைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிசன் கிடைக்கும் வரை அது தானே மீண்டும் உருவாகும். பூச்சு அடித்த இரும்புக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

இப்படலத்தின் முதன்மை எதிரி குளோரைடு. உப்புநீர், உவர்நீர், பிளீச்சிங் பவுடர் கலந்த நீர், ஊறுகாய் ஆகிய அனைத்திலும் குளோரைடு உண்டு. அது படலத்தைச் சில புள்ளிகளில் துளைத்து, ஊசிமுனை அளவிலான குழிகளை உண்டாக்குகிறது. இது குழி அரிப்பு எனப்படும். மேற்பரப்பு பளபளப்பாகத் தோன்றும்போதே உள்ளே குழி ஆழமாகிக்கொண்டிருக்கும் என்பதால், பொதுவான துருவைவிட இது ஆபத்தானது. வாஷருக்கு அடியிலும் மரையின் இடுக்கிலும் படிவுகளுக்குக் கீழேயும் ஆக்சிசன் குறைவாக இருப்பதால் அங்கே இடுக்கு அரிப்பு ஏற்படுகிறது.

## வரலாறு

இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் ஆரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேய்வதைத் தடுக்க ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, 1913-இல் சுமார் 12.8 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகை உருக்கினார். இன்றைய 410, 420 தரங்கள் இதன் வழிவந்தவை. ஏறத்தாழ அதே காலத்தில் செருமனியின் குரூப் நிறுவனத்தில் எட்வர்டு மௌரர், பென்னோ இசுட்ராசு ஆகியோர் குரோமியத்துடன் நிக்கலும் சேர்ந்த எஃகை உருவாக்கினர். 304, 316 போன்றவை இந்த மரபைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டில் இத்துறையில் முதலில் நினைவுக்கு வருவது சேலம் உருக்காலை. இந்திய உருக்கு ஆணையத்தின் இவ்வாலை 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. தகடுகளும் சுருள்களும் நாணய வில்லைகளும் இதன் பொருட்கள். லேத்தில் கடையப்படும் பாகங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் தகடு அன்று. உருண்டை, சதுர, அறுகோணக் கம்பிகள். இந்தியத் தரங்களிலும் இவ்வேறுபாடு உண்டு: தகடுகளுக்கு ஐ.எஸ். 6911, கம்பிகளுக்கும் பட்டைகளுக்கும் ஐ.எஸ். 6603.

## முதன்மை வகைகள்

ஆசுட்டெனைட்டு வகை: குரோமியமும் நிக்கலும் கொண்டது. 303, 304, 316 ஆகியவை இதில் அடங்கும். துருவை நன்கு தாங்கும்; எளிதில் உடையாது. வெப்பப் பதப்படுத்தலால் இதைக் கடினமாக்க இயலாது. ஆனால் வெட்டும்போதும் வளைக்கும்போதும் தானே கடினமாகும்.

பெரைட்டு வகை: நிக்கல் ஏறக்குறைய இல்லாதது. 430 இதன் எடுத்துக்காட்டு. காந்தத்தில் ஒட்டும். இந்தியாவின் துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய் நாணயம் 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கொண்ட பெரைட்டு எஃகாகும்.

மார்ட்டென்சைட்டு வகை: 410, 416, 420, 440சி ஆகியவை. சூடாக்கித் தணித்துக் கடினமாக்கலாம். கத்தி, வால்வு, பம்பு தண்டு ஆகியவற்றிற்கு ஏற்றது. துரு எதிர்ப்பு 304-ஐவிடக் குறைவு.

இரட்டை வகை: ஆசுட்டெனைட்டும் பெரைட்டும் ஏறத்தாழ சரிபாதியாக இருக்கும். டூப்ளெக்ஸ் என்று பரவலாக அறியப்படுகிறது. 2205 இதன் முதன்மைத் தரம்.

வீழ்படிவுக் கடினமாக்க வகை: 17-4 பி.எச். இதன் எடுத்துக்காட்டு. செம்பு சேர்ந்த இவ்வெஃகை, கடைந்த பிறகு சுமார் 480 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்தால் பெருவலிமை பெறும்.

| தரம் | குரோமியம் (%) | நிக்கல் (%) | சிறப்புக் கூறு | வெட்டுவதற்கு |
|---|---|---|---|---|
| 303 | 17–19 | 8–10 | கந்தகம் குறைந்தது 0.15 | எளிது |
| 304 | 18–20 | 8–10.5 | பொதுப் பயன்பாடு | சற்றுக் கடினம் |
| 316 | 16–18 | 10–14 | மாலிப்டினம் 2–3 | கடினம் |
| 410 | 11.5–13.5 | – | கடினமாக்கலாம் | நடுத்தரம் |
| 416 | 12–14 | – | கந்தகம் குறைந்தது 0.15 | மிக எளிது |
| 440சி | 16–18 | – | கரிமம் 0.95–1.20 | கடினம் |
| 17-4 பி.எச். | 15–17.5 | 3–5 | செம்பு 3–5 | நடுத்தரம் |
| 2205 | 22–23 | 4.5–6.5 | மாலிப்டினம் 3–3.5, நைட்ரசன் | மிகக் கடினம் |

## தேர்வின் வரிசை

ஒரு தரத்தைத் தெரிந்தெடுக்கும்போது கேள்விகளை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பது முக்கியம். பட்டறையில் இயல்பாக எழும் முதல் கேள்வி "எது சுலபமாக வெட்டுப்படும்?" என்பதே. ஆனால் அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். வெட்டுவதில் மிச்சமாகும் நேரம் ஒரு முறை கிடைப்பது. தவறான தரத்தால் வரும் இழப்பு பாகம் இயங்கும் காலம் முழுவதும் தொடர்வது.

1. பாகம் எதனுடன் தொடர்பில் இருக்கும்? நீர், உப்பு, அமிலம், உணவு, வெறும் காற்று?
2. எவ்வளவு வெப்பத்தில் இயங்கும்?
3. எவ்வளவு வலிமையும் கடினத்தன்மையும் வேண்டும்? எதனோடாவது உராயுமா?
4. பற்றவைக்கப்படுமா?
5. மேற்கண்டவற்றில் தேறிய தரங்களுள் எது எளிதில் வெட்டுப்படும், எது கிடைக்கும், எது மலிவு?

முதல் நான்கும் தகுதியற்றவற்றை நீக்கும் கேள்விகள். ஐந்தாவது, எஞ்சியவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கேள்வி.

## சூழல்: செந்துறை ஆழ்குழாய்க் கிணற்றின் எடுத்துக்காட்டு

செந்துறை வட்டாரம் சுண்ணாம்புக்கல் படிவுகள் நிறைந்த பகுதி. கிணற்றுநீர் கடினமாக இருப்பதையும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு சேர்வதையும் இத்தகைய பகுதிகளில் காணலாம். நீரின் கடினத்தன்மைதான் எஃகை அரிக்கிறது என்று கருதுவது சரியன்று. கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியம், மக்னீசியம் உப்புகள். அரிப்புக்குக் காரணம் குளோரைடு. இவ்விரண்டும் வேறு வேறு அளவுகள். எனினும் கால்சியம் படிவு தண்டின் மீது அடையாக ஒட்டினால், அதன் அடியில் இடுக்கு அரிப்பு தொடங்க வாய்ப்புண்டு. ஆகவே கடினத்தன்மை மறைமுகமாகத் தீங்கு செய்யும்.

பொறியாளர்கள் பின்பற்றும் பொது அளவுகோல் ஒன்று உண்டு. இயல்பு வெப்பநிலையிலுள்ள நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் வரை 304 தாங்கும். சுமார் 1000 மில்லிகிராம் வரை 316 தாங்கும். அதற்கு மேல் 2205 போன்ற இரட்டை வகை தேவைப்படும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1000 மில்லிகிராமை அனுமதிக்கத்தக்க எல்லையாகவும் வைத்துள்ளது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும்: மனிதர் குடிக்க அனுமதிக்கப்பட்ட நீரே 304-க்கு உகந்த எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். "குடிக்கிற தண்ணீர்தானே, எந்த எஸ்.எஸ். ஆனாலும் போதும்" என்ற எண்ணம் இதனால் பிழையாகிறது.

நீர்மூழ்கி பம்பின் தண்டுக்கு 13 விழுக்காடு குரோமியம் கொண்ட 410 போன்ற தரங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. புஷ்களில் சுழலும் தண்டுக்கு வலிமையும் தேய்மான எதிர்ப்பும் வேண்டும் என்பதே காரணம். ஆனால் 410-இன் துரு எதிர்ப்பு 304-ஐவிடக் குறைவு. நல்ல நீரில் அது பல ஆண்டுகள் இயங்கும். உவர்நீரில் தண்டில் குழிகள் தோன்றும். சுழலும் தண்டில் ஒவ்வொரு குழியும் களைப்பு விரிசலின் தொடக்கப் புள்ளி. இறுதியில் தண்டு அந்த இடத்தில் முறியும். அப்போது செலவு தண்டின் விலையோடு நிற்பதில்லை. பல நூறு அடி ஆழத்திலிருந்து குழாய்களைக் கழற்றிப் பம்பை மேலே ஏற்ற ஆட்கூலி, பழுது நீங்கும் வரை நீரின்றிக் காயும் பயிர் என எல்லாம் சேரும்.

நீர் உவர்ப்பாக இருந்தால் மூன்று வழிகள் உள்ளன. குரோமியம் 15 முதல் 17 விழுக்காடும் சிறிது நிக்கலும் கொண்ட 431 தரத்திற்கு மாறலாம். 316 தண்டில், புஷ் அமரும் இடத்தில் மட்டும் கடினமான உறை பொருத்தலாம். மிக உவர்நீரெனில் 2205 பயன்படுத்தலாம். எதைத் தேர்வதென முடிவெடுக்க முதலில் குளோரைடு அளவு தெரிய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் நீர்மாதிரியைக் கொடுத்து இதை அறியலாம். சோதனைக் கட்டணம் ஒரு தண்டின் விலையோடு ஒப்பிட மிகச் சிறியது.

### குழி அரிப்பு எதிர்ப்பு எண்

தரங்களை ஒப்பிட ஓர் எளிய வாய்பாடு உண்டு. குரோமிய விழுக்காட்டுடன், மாலிப்டின விழுக்காட்டை 3.3-ஆல் பெருக்கியும், நைட்ரசன் விழுக்காட்டை 16-ஆல் பெருக்கியும் கூட்டினால் கிடைப்பது குழி அரிப்பு எதிர்ப்பு எண். எடுத்துக்காட்டாக, 17 விழுக்காடு குரோமியமும் 2.1 விழுக்காடு மாலிப்டினமும் உள்ள 316-க்கு இது 17 + 6.9 = ஏறத்தாழ 24. பொதுவாக 304-க்கு 18 முதல் 20 வரையும், 2205-க்கு 35-ஐ ஒட்டியும் இருக்கும். எண் கூடக்கூடக் குளோரைடைத் தாங்கும் திறன் கூடும். இது தரங்களை வரிசைப்படுத்த உதவுமே தவிர, ஆயுளை ஆண்டுகளில் கணித்துச் சொல்லாது.

## வெப்பம்: சிமெண்டு ஆலையின் எடுத்துக்காட்டு

செந்துறை வட்டத்தின் ஆலத்தியூர், தளவாய் ஆகிய ஊர்களில் சிமெண்டு ஆலைகள் உள்ளன. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கராக்க, சூளையினுள் பொருள் சுமார் 1450 பாகை செல்சியசு வரை சூடாக வேண்டும். சூளையையும் அதற்கு முந்தைய வெப்பமூட்டிக் கோபுரத்தையும் காக்கும் தீக்கல் பூச்சை, எஃகு உடலுடன் பிணைத்து வைப்பவை நங்கூரக் கம்பிகள். இங்கே கேள்வி ஈரத் துரு அன்று, சூட்டில் செதிலாக உரிதல்.

காற்றில் தொடர்ந்து சூடாக இருக்கும்போது 304 சுமார் 925 பாகை வரை தாங்கும். 24 முதல் 26 விழுக்காடு குரோமியமும் 19 முதல் 22 விழுக்காடு நிக்கலும் கொண்ட 310, சுமார் 1150 பாகை வரை தாங்கும். ஆகவே மிகுவெப்பப் பகுதிகளில் 310 நங்கூரங்களும், வெப்பம் குறைந்த பகுதிகளில் 304 நங்கூரங்களும் பயன்படுகின்றன. 316 விலை கூடியது என்பதால் சூட்டுக்கும் அதுவே சிறந்தது என்று நினைப்பது பொதுவான தவறு. அதிலுள்ள மாலிப்டினம் குளோரைடுக்கு எதிராக உதவுவது. செதில் உரிதலுக்கு எதிராக அன்று.

நடுத்தர வெப்பத்திலும் கவனம் தேவை. 304, 316 ஆகியவை சுமார் 60 பாகைக்கு மேல், குளோரைடும் இழுவிசையும் சேர்ந்திருக்கும் இடத்தில் தகைவு அரிப்பு விரிசலுக்கு ஆளாகலாம். வெந்நீர்த் தொட்டிகளின் போல்ட்டுகள் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே இரட்டை வகை பாதுகாப்பானது.

## வலிமையும் உராய்வும்

பதப்படுத்தப்பட்ட நிலையில் 304, 316 ஆகியவற்றின் குறைந்தபட்ச நெகிழ்வெல்லை சுமார் 205 மெகாபாஸ்கல் மட்டுமே. இது சாதாரண மைல்டு ஸ்டீலின் 250-ஐவிடக் குறைவு. மைல்டு ஸ்டீலில் முறியாமல் இருந்த பாகத்தை "இன்னும் உறுதியாக இருக்கட்டும்" என்று 304-இல் செய்தால், அது வளைந்துவிடக்கூடும். 2205-இன் நெகிழ்வெல்லை சுமார் 450 மெகாபாஸ்கல். முழுமையாகக் கடினமாக்கிய 17-4 பி.எச். சுமார் 1170 மெகாபாஸ்கல் தாங்கும்.

கடினத்தன்மை வேண்டுமெனில் மார்ட்டென்சைட்டு வகையே வழி. ராக்வெல் சி அளவையில் 420 ஏறத்தாழ 50-ஐயும், 440சி 58 முதல் 60 வரையும் எட்டும். பால்-பேரிங், ஊசி வால்வு, வெட்டுக் கத்தி ஆகியவற்றிற்கு இவை ஏற்றவை. 410-ஐக் கடினமாக்கிய பின் சுமார் 425 முதல் 565 பாகை வரையிலான இடைவெளியில் பதனிறக்கம் செய்தால் அதன் தாங்குதன்மையும் துரு எதிர்ப்பும் குறையும் என்பதால் அவ்விடைவெளி தவிர்க்கப்படுகிறது.

304 போல்ட்டில் 304 நட்டை வேகமாக முறுக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு மேலும் நகராமல் நின்றுவிடுவது பலரும் கண்ட நிகழ்வு. உராய்வில் ஆக்சைடு படலம் கிழிந்து, ஒரே மாதிரியான இரு உலோகங்கள் நேரடியாகப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். இருபாகங்களுக்கும் வேறு வேறு தரமும் கடினத்தன்மையும் தருதல், மரையை மழமழப்பாக வெட்டுதல், ஒட்டுத்தடுப்புப் பசை தடவுதல், மெதுவாக முறுக்குதல் ஆகியவை இதைத் தவிர்க்கும்.

## பற்றவைப்பு

304-ஐப் பற்றவைக்கும்போது, இணைப்பின் அருகே சுமார் 450 முதல் 850 பாகை வரை சூடான பகுதியில், கரிமம் குரோமியத்துடன் சேர்ந்து மணியெல்லைகளில் படிகிறது. அந்த எல்லைகளை ஒட்டி குரோமியம் குறைந்து, பின்னாளில் அங்கே அரிப்பு தொடங்கும். கரிமத்தை 0.03 விழுக்காட்டுக்குள் குறைத்த 304எல், 316எல் ஆகியவை இதற்குத் தீர்வு. தடித்த பாகங்களைப் பற்றவைக்க இவையே பரிந்துரைக்கப்படுகின்றன.

303, 416 ஆகிய கந்தகத் தரங்களைப் பற்றவைத்தால் வெப்ப விரிசல் ஏற்படும். எனவே பற்றவைக்க வேண்டிய பாகத்திற்கு இவற்றைத் தெரிந்தெடுக்கக் கூடாது.

கல்பாக்கம் முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலனுக்கு 316எல்.என். என்னும் தரம் பயன்படுத்தப்பட்டுள்ளது. கரிமத்தைக் குறைத்ததால் பற்றவைப்புப் பகுதி அரிப்பிலிருந்து காக்கப்படுகிறது. கரிமம் குறைந்ததால் இழந்த வலிமையைச் சேர்க்கப்பட்ட நைட்ரசன் ஈடுசெய்கிறது. ஒரு தேவைக்காகக் கலவையை மாற்றும்போது வேறொன்று குறையும், அதையும் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

## வெட்டு வேலையில் ஏற்படும் சிக்கல்கள்

எளிதில் வெட்டுப்படும் 1212 என்னும் கரிம எஃகை 100 என்று கொண்டால், 304-இன் வெட்டுத்திறன் ஏறத்தாழ 45 என்றும், 303 ஏறத்தாழ 75 என்றும் அட்டவணைகளில் குறிக்கப்படுகின்றன. 416 அதற்கும் மேல். இவ்வேறுபாட்டுக்கு மூன்று காரணங்கள் உள்ளன.

கடினமாதல்: வெட்டப்பட்ட பரப்பு உடனே கடினமாகிறது. கருவி வெட்டாமல் வெறுமனே தேய்த்தால், அடுத்த சுற்றில் அது இன்னும் கடினமான தோலைச் சந்திக்கும். எனவே கூர்மையான கருவி, நிற்காத ஊட்டம், கடினத் தோலுக்குக் கீழே இறங்கும் வெட்டு ஆழம் ஆகியவை தேவை. டிரில்லை அழுத்தாமல் சுழலவிடுவது துளையைக் கெடுக்கும்.

வெப்பம் தேங்குதல்: 304-இன் வெப்பக் கடத்துதிறன் மைல்டு ஸ்டீலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சூடு சுருளுடன் வெளியேறாமல் கருவியின் முனையிலேயே தங்கும். ஆகவே வேகத்தைக் குறைத்து, கூலண்டை நிறுத்தாமல் பாய்ச்ச வேண்டும். ஹை ஸ்பீடு ஸ்டீல் கருவியால் 30 மில்லிமீட்டர் 304 கம்பியை நிமிடத்திற்கு 20 மீட்டர் வேகத்தில் கடைய, சுழற்சி 1000 × 20 ÷ (3.14 × 30) = ஏறத்தாழ 212 ஆக இருக்க வேண்டும்.

விரிவடைதல்: 304 ஒவ்வொரு பாகைக்கும் மீட்டருக்கு 17.2 மைக்ரோமீட்டர் விரியும். மைல்டு ஸ்டீல் சுமார் 12. ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள 304 தண்டு, கடைசலின்போது 40 பாகை கூடுதலாகச் சூடாகியிருந்தால் அதன் விட்டம் 0.034 மில்லிமீட்டர் பெருத்திருக்கும். அவ்விட்டத்திற்கு எச்7 என்னும் துல்லிய வகுப்பு அனுமதிக்கும் மொத்த விலக்கமே 0.025 மில்லிமீட்டர்தான். சூடாக இருக்கும்போது சரியாக அளந்து இறக்கிய தண்டு, ஆறியபின் சிறுத்துப் பொருந்தாமல் போவதன் காரணம் இதுவே. இறுதி அளவை ஆறவிட்டே எடுக்க வேண்டும்.

### 303: எளிமைக்குக் கொடுக்கும் விலை

303-இல் சேர்க்கப்படும் கந்தகம், மாங்கனீசுடன் சேர்ந்து நுண்ணிய இழைகளாக எஃகெங்கும் பரவியிருக்கும். வெட்டும்போது சுருள் இவ்விழைகளில் உடைவதால் நீண்டு சிக்காமல் துண்டு துண்டாக விழும். ஆனால் அதே இழைகள் மேற்பரப்பில் தலைகாட்டும் இடங்களில் குழி அரிப்பு தொடங்கும். உலர்ந்த சூழலில் இயங்கும் நட்டு, புஷ், மரைத் திருகு ஆகியவற்றிற்கு 303 ஏற்றது. உப்புச் சூழலுக்கும் உணவு, மருத்துவப் பாகங்களுக்கும் ஏற்றதன்று.

ஒரு கற்பனைக் கணக்கு இதன் பொருளாதாரத்தை விளக்கும். 304 கம்பிச் செலவு பாகத்திற்கு 60 ரூபாய், 303 கம்பி 72 ரூபாய், எந்திர மணிக்கட்டணம் 400 ரூபாய் என்று கொள்வோம். 304-க்கு 6 நிமிடமும் 303-க்கு 4 நிமிடமும் ஆகும் எளிய பாகமெனில், மொத்தம் முறையே 100 ரூபாய், 98.67 ரூபாய். மிச்சம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. 12 நிமிடமும் 8 நிமிடமும் ஆகும் சிக்கலான பாகமெனில் 140 ரூபாய், 125.33 ரூபாய். இருநூறு பாகங்களுக்குச் சுமார் 2,930 ரூபாய் மிஞ்சும். எனவே வேலை கூடுதலாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் உள்ள இடத்தில்தான் 303-க்கு மாறுவதில் பயன் உண்டு. அதுவும் சூழல் அனுமதித்தால் மட்டுமே.

## தரத்தைச் சரிபார்த்தல்

இந்தியச் சந்தையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகுகள் பெருமளவில் கிடைக்கின்றன. 202-இல் நிக்கல் 4 முதல் 6 விழுக்காடே. இவை போலிகள் அல்ல. உரிய இடத்தில் பயன்படுத்தத் தக்கவை. 304 என்ற பெயரில் விற்கப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. பார்வைக்கும் எடைக்கும் இரண்டும் ஒன்றே.

காந்தச் சோதனை இங்கே பயன்படாது. 202-உம் 304-உம் காந்தத்தில் ஒட்டுவதில்லை. மாறாக, வளைத்த அல்லது கடைந்த 304 சற்றே ஒட்டும். காந்தத்தில் ஒட்டும் 430 நாணயமோ பல ஆண்டுகள் துருவின்றிக் கைமாறுகிறது. காந்தம் எஃகின் உட்கட்டமைப்பைக் காட்டுமே தவிர, அதன் துரு எதிர்ப்பைக் காட்டாது.

நம்பத்தக்க வழிகள் மூன்று:

- ஆலைச் சோதனைச் சான்றிதழ்: அதிலுள்ள உருக்கு எண்ணும் கம்பியில் அச்சிடப்பட்ட எண்ணும் பொருந்த வேண்டும். கம்பியை வெட்டும்போது எண் உள்ள முனையைக் கடைசிவரை வைத்திருப்பது நல்ல பழக்கம்.
- வேதித்துளிச் சோதனை: மாலிப்டினம் உள்ளதா என்று காட்டும், 304-ஐயும் 316-ஐயும் பிரித்தறிய உதவும்.
- எக்சுக்கதிர் ஒளிர்வுக் கருவி: சில நொடிகளில் குரோமியம், நிக்கல், மாங்கனீசு, மாலிப்டினம் அளவுகளைக் காட்டும். கரிமத்தை அளக்காது என்பதால் 304-ஐயும் 304எல்-ஐயும் இதனால் பிரிக்க இயலாது. அதற்கு ஒளி உமிழ்வு நிறமாலைச் சோதனை வேண்டும்.

## வேலை முடிந்தபின்

சரியான தரத்தைத் தெரிந்தெடுத்தும் பாகம் துருப்பிடிப்பதுண்டு. மைல்டு ஸ்டீலுக்குப் பயன்படுத்திய அரத்தையோ கம்பித் தூரிகையையோ சாணைக்கல்லையோ துருப்பிடிக்காத எஃகுக்கும் பயன்படுத்தினால், இரும்புத் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். இரண்டு வேலைகளும் ஒரே பட்டறையில் நடக்கும்போது கருவிகளைத் தனித்தனியே வைப்பது அவசியம்.

முடிந்த பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் குறித்த நேரம் வைத்துக் கழுவுவது செயலறு படலமாக்கம் எனப்படுகிறது. இது ஒட்டிய இரும்பைக் கரைத்து, ஆக்சைடு படலம் சீராக உருவாக உதவுகிறது. நைட்ரிக் அமிலத்தைக் கையாளக் கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகியவை கட்டாயம். சிட்ரிக் அமிலம் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது.

## சுருக்கத் தொகுப்பு

- உள்ளறையில், உலர்ந்த சூழலில் அதிக எண்ணிக்கையில் கடையப்படும் சிறு பாகங்கள்: 303. வலிமை வேண்டுமெனில் 416.
- பால், குடிநீர், சமையல் கருவிப் பாகங்கள்: 304. பற்றவைப்பு இருந்தால் 304எல்.
- உப்பு, ஊறுகாய், கடற்கரைக் காற்று: 316 அல்லது 316எல்.
- நல்ல நீரில் சுழலும் பம்பு தண்டு: 410. சற்று உவர்நீரில் 431.
- மிக உவர்நீர், கடல்நீர், உப்புள்ள வெந்நீர்: 2205 அல்லது அதற்கு மேற்பட்டவை.
- தேய்மானத்தைத் தாங்கும் முனைகள், கத்திகள்: 420, 440சி.
- பெருவலிமையும் மிதமான துரு எதிர்ப்பும்: 17-4 பி.எச்.
- சூளை, உலைப் பாகங்கள்: வெப்பத்திற்கேற்ப 304 அல்லது 310.

வரைபடத்தில் "எஸ்.எஸ்." என்று மட்டும் எழுதியிருந்தால், தரத்தைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு கம்பி விற்பவரிடமோ கடைசல்காரரிடமோ போய்ச் சேரும், அவர்களுக்குப் பாகம் எந்த நீரில், எந்தச் சூட்டில் இயங்கும் என்பது தெரிந்திருக்காது. எனவே தரத்தின் எண், பொருந்தும் இந்தியத் தர எண், வெப்பப் பதப்படுத்தல் நிலை, மேற்பரப்பு முடிப்பு ஆகிய நான்கையும் வரைபடத்திலேயே குறிப்பிடுவது வடிவமைப்பவரின் கடமையாகும்.